பதினான்கு சரி

ஓய்வுபெற்ற ஹவில்தார் சிவராஜ் எந்தப் புதுச் சாமானைக் கையில் எடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். அடுத்து அதன் வாரைப் பல்லால் கடித்து இழுப்பார். அதற்குப் பிறகுதான் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பார். படித்ததும் கோபம் வரும். மிலிட்டரி கிரேடு தண்ணீர் பாட்டில், மிலிட்டரி கிரேடு மொபைல் உறை, மிலிட்டரி கிரேடு செருப்பு. இருபத்தோரு வருடம் ராணுவத்தில் ஸ்டோர் பார்த்த மனிதர் அவர். அப்படி ஒரு கிரேடை எந்த அலமாரியிலும் அவர் கண்டதில்லை. கொல்கத்தா லேக் கார்டன்ஸில் அவர் ஒரு கடைக்குள் நுழைந்தால், கடைக்காரர் அந்த இரண்டு சொற்கள் உள்ள பெட்டிகளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார்.

ஊர் குடியாத்தம் பக்கம். கொல்கத்தாவில் தங்கியதற்குக் காரணம் மனைவி மகேஸ்வரி. துறைமுக அலுவலகத்தில் ஹெட் கிளார்க்; இன்னும் ஏழு வருடம் சர்வீஸ் இருக்கிறது. மகள் மஹிமா கல்லூரியில் படிக்கிறாள். அப்பா தமிழில் திட்டுவார், அவள் வங்காளத்தில் பதில் சொல்வாள். இதனால் வீட்டில் சண்டை நீள்வதில்லை.

சிவராஜின் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் முதல் கணுவோடு நின்றுவிடும். மலையில் இருந்தபோது, இன்னும் கொஞ்சம் கதகதப்பாக இருக்கட்டுமே என்று அடிவாரக் கடை ஒன்றில் சொந்தமாக ஒரு ஜோடி கையுறை வாங்கி மாட்டிக்கொண்டு காவலுக்குப் போனார். திரும்பி வந்தபோது இரண்டு விரல் நுனிகள் கறுத்திருந்தன. மருத்துவமனையில் படுத்துக்கொண்டு அந்தக் கையுறையை உள்ளும் புறமும் புரட்டினார். தையலுக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது: "பரிசோதித்தவர்: 7". அந்த ஏழாம் எண் ஆணா பெண்ணா, உயிரோடு இருக்கிறாரா, எதுவும் தெரியாது. ஆனால் பதினெட்டு வருடமாக ஒரு நாள் தவறாமல் அவருக்கு அர்ச்சனை நடந்துகொண்டிருக்கிறது. சாமி கும்பிடுவதற்குக்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது என்று மகேஸ்வரி சொல்வார்.

இப்படிப்பட்டவரை டாலிகஞ்சில் ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்தது என்றால், அந்தக் கம்பெனியின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். பெயர் வஜ்ரமுஷ்டி. ராணுவத்தினருக்கும் கேட்ஜெட் பிரியர்களுக்கும் நவீனச் சாதனங்கள் செய்வதாகச் சுவரில் எழுதியிருக்கும். முதலாளி அனிர்பாண் பாசுவுக்கு வயது முப்பத்திரண்டு. பனியைப் பார்த்தது குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டில். கம்பெனி விளம்பரத்தில் ஒரு வீரர் இடுப்பளவு பனியில் நிற்பார். பக்கத்து சினிமா ஸ்டுடியோவில் எடுத்த படம். பனி முழுக்கத் தெர்மோகோல். அந்த வீரர் மதியம் அதே உடையில் சீரியலில் வில்லனாக நடித்தார்.

களத்தில் இருந்த ஒருவர் பரிசோதித்து அறிக்கை தந்தால்தான் சாமானைப் பார்க்கவே வருவோம் என்று ராணுவத் தரப்பில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒருவராகத்தான் சிவராஜ் போனார். பரிசோதனைக்கு வந்த சாமான், சூடு தரும் கையுறை.

கையுறையின் மகிமைகளை வரிசையாகச் சொன்னால் பக்கம் போதாது. பேட்டரி உண்டு. மணிக்கட்டில் கம்பெனிச் சின்னம் நீல விளக்காக எரியும். எதிரி தேடிக் களைத்துவிடக் கூடாது என்கிற கருணை. சூட்டைக் கூட்ட வேண்டுமென்றால் போனில் ஒரு ஆப் திறக்க வேண்டும். போனைத் தொட வேண்டுமென்றால் கையுறையைக் கழற்ற வேண்டும். கழற்றித் தொட்டால் ஓடிபி கேட்கும். சிக்னல் இல்லாத மலையில் ஓடிபி எந்த வழியாக வரும் என்று சிவராஜ் கேட்டார். அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார்கள்.

கொல்கத்தாவில் குளிருக்கு எங்கே போவது? லேக் மார்க்கெட் மீன்காரர் பிமலிடம் போனார். கையுறையை மாட்டி, பாலித்தீன் பையால் கட்டி, இலிஷ் மீன்களுக்கு நடுவே ஐஸ் பெட்டியில் முழங்கை வரை விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ரப்பர் வாடை ஏறிவிட்டால் இலிஷை யார் வாங்குவது என்று பிமல் புலம்பினார். பதினோராவது நிமிடம் பேட்டரி செத்தது. மூன்று நாள், மூன்று ஜோடி. எந்த ஜோடியும் பதிமூன்று நிமிடத்தைத் தாண்டவில்லை. வெறும் ஐஸிலேயே இந்தக் கதி என்றால், மைனஸ் இருபதில் கையுறை மாட்டி முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கோடுதான் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குப் போனார். கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் முன் சிவராஜ் வீட்டின் இலக்கணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிவராஜ் ஒரு தடவை "சரி" என்றால், காதில் விழுந்தது என்று பொருள். இரண்டு தடவை என்றால், உன் பொய்யை நிறுத்தாதே, முழுசாகச் சொல்லி முடி. மூன்று தடவை தொடர்ந்து வந்தால் மகேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். எந்த எண்ணிக்கையிலும் அதற்குச் சம்மதம் என்ற பொருள் கிடையாது.

கூட்டத்தில் மேஜை நடுவில் அப்பளம் அளவில் கறுப்பாக ஒரு கருவி இருந்தது. யார் எந்த மொழியில் பேசினாலும் ஆங்கிலத்தில் குறிப்பெடுத்துவிடும் என்று சொல்லி இதையும் அந்தக் கம்பெனியே விற்கிறது. சிவராஜ் தன் கண்டுபிடிப்புகளை இந்தியில் அடுக்கினார். பிறகு மற்றவர்கள் சமாதானம் சொல்லத் தொடங்கினார்கள். ஐஸ் வேறு, பனி வேறு என்றார் அனிர்பாண். பதினாறு டிகிரி ஏசி அறையில் ஆறு மணி நேரம் எரிந்ததே என்றார் இன்னொருவர். நீல விளக்குக்கு இளைஞர்களிடம் நல்ல வரவேற்பு என்றார் விற்பனை மேலாளர் ஹரிஷங்கர். இவர் பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்த தமிழர். ஒவ்வொரு சமாதானத்துக்கும் சிவராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றார், சரி சரி என்றார். கடைசியில் மூன்று தடவை சேர்த்துச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். தான் சாமானை நிராகரித்துவிட்டதாக நம்பிக்கொண்டு வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் மெயில் வந்தது. மஹிமா படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்பா, மீட்டிங்ல நீ ஃபோர்ட்டீன் டைம்ஸ் ஒத்துக்கிட்டிருக்கே. கடைசி மூணும் சேர்த்து 'ஸ்ட்ராங்லி அக்ரீட்'னு போட்டிருக்கு."

"நான் சொன்ன பேட்டரிக் கணக்கெல்லாம்?"

"அது 'பேக்ரவுண்ட் நாய்ஸ்' அப்பா."

சிரிப்பு அடுத்த பக்கத்தில் நின்றுவிட்டது. அங்கே பரிசோதனை அறிக்கை இருந்தது. கையுறை களப் பணிக்கு ஏற்றது. பரிசோதித்தவர் ஹவில்தார் சிவராஜ். கீழே, வேலையில் சேர்ந்த நாளில் போட்ட அவருடைய கையெழுத்து, நகலெடுத்து ஒட்டியது. முதல் இருநூறு ஜோடி மலைக்குப் போகும். வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள்.

பதினெட்டு வருடமாகத் திட்டித் திட்டி வளர்த்த ஏழாம் எண்ணின் நாற்காலியில் தன்னையே உட்கார்த்திவிட்டார்கள் என்பது அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. இருநூறு ஜோடி. எத்தனை விரல் என்று பெருக்கிப் பார்க்க அவரால் முடியவில்லை. மறுநாள் பத்து மணிக்கு ஆட்டோ பிடித்து டாலிகஞ்ச் போனார். அனிர்பாண் வெளியே போயிருந்தார். ஹரிஷங்கர் இருந்தார்.

"என்னப்பா, உனக்குத் தமிழ் தெரியும் இல்ல?"

"வீட்ல பேசுவோம், சார்."

"நான் சொன்ன சரிக்கு இன்னா அர்த்தம்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும், சார். எங்கப்பாவும் அப்படித்தான் சொல்லுவார்." ஹரிஷங்கர் கதவைச் சாத்தினார். "ஆனா டிக்ஷனரில சரின்னா சம்மதம்தானே? மெஷின் தப்பு பண்ணலையே. நீங்க ஏன் டென்ஷன் ஆகறீங்க? உங்க பேர் போடறது ஒரு கௌரவம்தானே."

"மேல போய் நிக்கிறவனுக்கு விரல் போனா, அவன் என் பேரைத்தாண்டா படிப்பான்."

"சார், டா எல்லாம் வேண்டாமே. இங்க ஒரு கல்ச்சர் இருக்கு."

மனிதர் தெரியாமல் செய்த தப்பைக் கழுவிவிடலாம். தெரிந்தவர், தெரியாத இயந்திரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு செய்வதற்கு எந்தச் சோப்பும் கிடையாது. சிவராஜ் அன்று சொன்ன மற்ற சொற்களை அந்தக் கறுப்பு அப்பளம்கூட மொழிபெயர்க்கத் துணியாது, நானும் துணியவில்லை.

வேலையை விட்டுவிடலாம் என்றாள் மஹிமா. ஹெட் கிளார்க் மகேஸ்வரி மறுத்தார். வேலையை விட்டால் ஆள்தான் வெளியே வருவார், பேர் ஃபைலுக்குள்ளேயே கிடக்கும். பேரை வெட்ட வேண்டுமானால் ஃபைல் திறந்திருக்கும்போது ஆள் உள்ளே இருக்க வேண்டும் என்றார். முப்பது வருட அலுவலக வாழ்க்கையின் சாரம் அது. பரிசோதித்தவரைப் பார்க்க வேண்டும் என்று அதிகாரிகளும் கேட்டிருந்ததால், கம்பெனிக்கும் வேறு வழி இல்லை. ஒரு வார்த்தை பேச வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும் என்று அனிர்பாண் போனில் இரண்டு முறை கெஞ்சினார். சிவராஜ் இந்த முறை பதிலே சொல்லாமல் போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று அதிகாரிகள் வந்தார்கள். மூத்தவர் ஒரு மேஜர். அறிக்கையைப் புரட்டி, இது உங்களுடையதுதானா என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றார் சிவராஜ். பெரியவருக்குத் தன்னடக்கம் அதிகம் என்று ஹரிஷங்கர் சிரித்தார். சிவராஜ் கையுறை ஜோடியை எடுத்து மேஜர் முன் வைத்து, அதை மாட்டிக்கொண்டு பூட்ஸ் நாடாவை ஒரு தடவை அவிழ்த்துக் கட்டும்படி பணிவோடு கேட்டுக்கொண்டார்.

மேஜர் குனிந்தார். நாடா அவிழ்ந்தது. கட்டுவதற்கு நேரமானது. தடித்த விரல்கள் நாடாவைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தன. நான்காவது நிமிடம் அவர் கையுறையைப் பல்லால் கடித்து உருவி மேஜைமேல் போட்டார்.

"அந்தக் காகிதத்துல என் பேரை வெட்டணும், சாப்," என்றார் சிவராஜ். "இப்பவே. என் கையால."

மேஜர் ஃபைலையும் பேனாவையும் தள்ளினார். சிவராஜ் தன் பெயர் மேல் கோடு போட்டார், கையெழுத்து மேல் கோடு போட்டார், ராணுவத்தில் பழகியபடி வெட்டிய இரண்டு இடத்திலும் சுருக்கொப்பமும் தேதியும் போட்டார். கீழே பதினோரு நிமிடக் கணக்கை எழுதினார். அதிகாரிகள் தேநீர் குடிக்காமல் கிளம்பினார்கள். மதியத்துக்குள் அவருக்கு வேலை போயிற்று. இருநூறு ஜோடியும் மலை ஏறவில்லை.

டிசம்பரில் அவை இணையத்தில் விற்பனைக்கு வந்தன. பதினைந்து டிகிரி அடித்தால் குரங்குக் குல்லாய் போடும் ஊரில் வாங்க ஆள் இல்லாமலா போகும்? ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் காலை நடைக்கு வருபவர்கள் கையில் அவற்றைப் பார்க்கலாம். மஹிமா ஒரு பெட்டியை இரவல் வாங்கி வந்தாள். சிவராஜ் பூதக்கண்ணாடி வைத்து நான்கு பக்கமும் தேடினார்; அவர் பெயர் எங்கும் இல்லை. மூடிமேல் தங்க எழுத்தில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: "ராணுவ மேஜர் ஒருவர் தாமே அணிந்து பார்த்தது".

அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. ஆகவே யாரைத் திட்டுவது என்று சிவராஜுக்கு இன்னும் பிடிபடவில்லை. தற்சமயம் எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறார்.