விடுமுறைக்குப் பூட்டிய விடுதி

வெர்லீன் டாலிவர் கோபப்பட்டால் குரல் ஏறாது, இறங்கும். அவர் தலைமையாசிரியையாக இருந்த பதினோரு ஆண்டும் அதே பள்ளியில் நான் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். அந்தக் குரல் இறங்கினால் வராந்தாவில் நிற்கிற பிள்ளைகள் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு வகுப்புக்கு ஓடுவார்கள்.

மிசிசிப்பி டெல்டாவில், மூடிப்போன ஒரு பலசரக்குக் கடைக் கட்டடத்தில் நடந்தது எங்கள் பள்ளி. கடைசி வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்லூரியில் இடம் வாங்கியாக வேண்டும் என்பது டாலிவரின் பிடிவாதம். வாங்கியும் கொடுத்தார். முன்கூடத்துச் சுவரில் பிள்ளையின் பெயர், பக்கத்திலேயே கல்லூரியின் பெயர். நிர்வாகக் குழுத் தலைவரான பாதிரியார், ரெவரெண்ட் காட்டிங்ஹாம், வருகிறவர்களை முதலில் அந்தச் சுவருக்குத்தான் கூட்டிப்போவார்.

கெசையா பிராட்நாக்ஸ் அந்தச் சுவரில் ஏறியது அவளுடைய பதினெட்டு வயதில். அரசாங்கம் அவளை வளர்க்கச் சொல்லி நான்கு வீடுகளில் மாற்றி மாற்றி விட்டிருந்தது. பதினெட்டு முடிந்ததும் அந்த ஏற்பாடும் முடிந்தது. டென்னஸியில் ஒரு மலைமேல் இருந்த பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தபோது டாலிவர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

நவம்பரில், எல்லாரும் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தோடு விருந்து சாப்பிடுகிற நன்றி நாளுக்கு மறுநாள், மிச்சமிருந்த வான்கோழியும் சோளரொட்டியும் சாப்பிட நான் டாலிவர் வீட்டுக்குப் போயிருந்தேன். போன் அடித்தது. கெசையா. டாலிவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“மேடம், திட்டாதீங்க.”

“எங்கடி இருக்கே, கண்ணு?”

“காலேஜ் செக்யூரிட்டி ரூம்ல. துணி துவைக்கிற ரூம்ல படுத்திருந்தேன், புடிச்சிட்டாங்க. லீவுன்னு ஹாஸ்டலப் பூட்டிட்டாங்க மேடம். எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னாங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அக்டோபர் லீவுலயும் இப்படித்தான். நாலு நாள் பஸ் ஸ்டாண்டுல சமாளிச்சிட்டேன். சுவத்துல என் பேர எழுதி வச்சிருக்கீங்க. எப்படிச் சொல்றது?”

டாலிவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். ஐந்து மணி நேரப் பயணம். நானும் கூடப் போனேன்.

கல்லூரியில், டீன் விடுமுறையில் இருக்கிறார் என்றார்கள். “நானும் லீவுலதான் இருக்கேன். கூப்பிடுங்க” என்று டாலிவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் டீன் ஆல்ட்ரிச் ஸ்வெட்டரோடு வந்தார்.

“லீவுல பிள்ளைங்க வீட்டுக்குப் போயிடுவாங்கன்னுதான்...”

“எந்த வீட்டுக்கு?”

“எங்களுக்குத் தெரிய வந்திருந்தா...”

“விண்ணப்பத்துல நாலு பக்கம் எழுதியிருக்கா, நாலு வீடு மாறின கதைய. அதப் படிச்சு அழுதேன்னு எனக்குக் கடிதம் போட்டது நீங்க. உங்க விளம்பரப் புத்தகத்துல அவ படத்தப் போட்டது நீங்க. அழுதீங்களே, இவளுக்கு வீடு இல்லைங்கறது மட்டும் கண்ணுல படலையா?”

விதியை மீறித் தங்கியதற்காகக் கெசையாவுக்குக் கொடுத்திருந்த நோட்டீஸைச் சலுகையாக ரத்து செய்வதாக டீன் சொன்னார்.

“சலுகை வேணாம். தப்பு உங்களோடது, அப்படின்னு எழுதிக் கொடுங்க.”

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. குழு அமைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

திரும்பும்போது கெசையா பின்சீட்டில் தூங்கிப்போனாள். டாலிவர் வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார். “கால்குலஸ் சொல்லிக்கொடுத்தோம். பெரிய விருந்துல எந்த ஃபோர்க்க எடுக்கணும்னுகூடச் சொல்லிக்கொடுத்தோம். ஹாஸ்டல எப்பப் பூட்டுவீங்கன்னு நாம ஒருத்தராவது கேட்டோமா? இவ பஸ் ஸ்டாண்டுல படுத்திருந்தப்ப நான் அந்தச் சுவத்துக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டிருந்தேன்.”

அடுத்த வாரம் முழுக்கப் பழைய பிள்ளைகளுக்குப் போன் போட்டோம். பேசக் கிடைத்த நாற்பத்து மூன்று பேரில் பதினொரு பேருக்கு விடுமுறையில் போக இடமில்லை. இரண்டு பேர் அதனாலேயே படிப்பை விட்டிருந்தார்கள். விடுதியைப் பூட்டுகிற மூன்று கல்லூரிகளின் பெயரைச் சுவரிலிருந்து டாலிவர், பள்ளி நடந்துகொண்டிருக்கும்போதே, வெள்ளைப் பெயிண்டால் அழித்தார். பிள்ளைகளின் பெயரைத் தொடவில்லை.

ரெவரெண்ட் பதறிக்கொண்டு வந்தார். “வெர்லீன், என்னம்மா பண்றே? அது நம்ம பெருமை! வியாழக்கிழமை நன்கொடை குடுக்கறவங்க வர்றாங்க!”

“வரட்டும் ரெவரெண்ட். பெயிண்ட் காயறதுக்குள்ள வந்தா இன்னும் நல்லது. கையில ஒட்டும்.”

இனி அந்த மூன்று இடங்களுக்கும் ஒரு பிள்ளையைக்கூட அனுப்பமாட்டேன் என்றும் சொன்னார். வசந்தகாலத்தில் பள்ளி நிர்வாகக் குழு கூடியது. அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வழியனுப்புக் கூட்டத்தில் ரெவரெண்ட் அவருடைய பொறுமையைப் புகழ்ந்து பேசியபோது நான் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். டாலிவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

கெசையா மலைக்குத் திரும்பவில்லை. பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் சேர்ந்து, விடுமுறைகளில் டாலிவர் வீட்டில் தங்கி, ஐந்தாவது வருடம் பட்டம் வாங்கினாள். இதற்கிடையே மலைக் கல்லூரி ஒரு விடுதியை வருடம் முழுக்கத் திறந்து வைக்க ஆரம்பித்தது. தங்கள் கருணையைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டது. கெசையாவின் பெயர் அதில் இல்லை.

“எப்படியோ, இப்பவாவது திறந்தாங்களே” என்றேன், அதைப் படித்துக்கொண்டிருந்த டாலிவரிடம்.

“நீயும் அவங்களோட சேந்து கை தட்டாதே” என்றார் டாலிவர். பத்திரிகையை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.