அளாப்பி

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

மார்கழி விடுமுறையில் பிள்ளைகள் மழைக்கு வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். மனைவி பழப்புளி கரைத்துவிட்டுக் கொட்டைகளை அவர்களிடம் விளையாடக் கொடுத்தாள். அந்தப் புளித்த மணம் என்னை எங்கள் வாவிக்கரை ஓலைவீட்டுக்குக் கொண்டுபோனது. இப்போது அங்கே சேற்றில் கண்ணாமரங்கள்தான் நிற்கின்றன.

அதுவும் ஒரு மார்கழி விடுமுறை. தோளில் துவக்கோடு வந்தவர்கள் வீடுவீடாக ஆம்பிளைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இருமல்காரரான அப்பா பரணில் நெல்மூட்டைகளுக்குப் பின்னால் படுத்திருந்தார். அம்மா புளியங்கொட்டைகளை எங்கள் முன் கொட்டி, "ஒத்தையா ரெட்டையா விளையாடுங்க மனே, நல்லாச் சத்தம் போட்டு" என்றார். ஓலையில் மழை அடிக்க, ஈரச் சாக்கு நாற, நான் வராத சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒருவன் வாசலில் வந்து நின்று, "அப்பா எங்க?" என்றான்.

"வயல் வட்டைக்குப் போயிட்டார்" என்றார் அம்மா.

ஐந்து வயதுத் தங்கச்சி கொட்டைகளைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். "இது எனக்கு, இது அண்ணனுக்கு, இது அப்பாக்கு" என்றவள், பரணைப் பார்க்கத் தலையை உயர்த்தினாள்.

நான் அவள் பங்கையும் சேர்த்து எல்லாவற்றையும் அள்ளி மடிக்குள் போட்டேன். "அம்மா, அண்ணன் அளாப்புறான், அளாப்பி" என்று அவள் குளறி அழுத சத்தத்துக்குள் மேலே ஒரு இருமல் அமுங்கிப்போனது. வந்தவன் சிரித்துவிட்டுப் போனான்.

விளையாட்டில் ஏமாற்றுபவனுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. தங்கச்சியின் பிள்ளைகளுக்கு இன்றும் நான் அளாப்பி மாமாதான். அன்று அவள் எந்தப் பக்கம் பார்க்கப் போனாள் என்பதை நான் அவளுக்கு இதுவரை சொல்லவில்லை.

மார்கழி இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை.