ரேமுக்கு வைத்த சந்தனம்

ஈஜோக் பக்கத்துத் தோட்டம் கைமாறியதும், தொழிலாளர் லயத்துக் குடும்பங்கள் அரசாங்கத்திடம் வீடு கேட்டு இணையத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. அன்றுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரைதான் நேரம். என் மனைவி பிறந்த லயம் அது. நில அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவன் வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரைத் தேடுவார்கள்?

ஸ்கேன் செய்த பத்திரங்களை ஒரே கோப்பாகச் சேர்க்கும்போதெல்லாம் என் கணினி உறைந்து நின்றது. அதன் நினைவகம், அதாவது ரேம், நாலு ஜிபிதான். காலையில் பெட்டியைத் திறந்து, பழைய ரேம் டிடிஆர் மூன்று வகை என்று குறித்துக்கொண்டு பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்குப் போனேன். கணினிக் கடைக்காரர் டிடிஆர் நான்கை எடுத்து நீட்டினார். அதன் வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது, பொருந்தாது என்று அவருக்கு வகுப்பெடுத்துவிட்டு, சரியானதில் எட்டு ஜிபியாக இரண்டு வாங்கினேன். அவர் நன்றி சொல்லவில்லை.

வீட்டில் மனைவியின் தம்பி காத்திருந்தான். அவன் கைப்பேசியில் லயத்து ஆட்கள் மனு போயிற்றா என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புதுப் பொருளுக்குச் சந்தனம், குங்குமம் வைக்காமல் எங்கள் வீட்டில் எதுவும் ஓடாது. மனைவி கிண்ணத்தோடு வந்தாள்.

"ஸ்டிக்கர் மேல வைக்காத. வாரண்டி போயிரும். ஓரமா வை," என்றேன்.

மின்சாரத்தைத் துண்டித்தேன். இரும்பைத் தொட்டுக் கையில் தேங்கிய நிலைமின்சாரத்தை இறக்கினேன். இரு பக்கக் கொக்கிகளும் 'டக்' என்று விழும்வரை அழுத்தினேன். எல்லாம் முறைப்படி. சுவிட்சைப் போட்டேன். கணினி மூன்று முறை 'பீப்' என்று கத்தியது; திரை இருட்டாகவே இருந்தது.

இடம் மாற்றிப் பார்த்தேன். அதே கத்தல். மணி மூன்றரை. கடைக்காரரைத் திட்டத் தொடங்கினேன்.

"மச்சான், கவர்மெண்டு ஆபீஸ்லயும் இப்படித்தான் மத்தவங்க மேல பழி போடுவீங்களா?" என்றான் தம்பி.

ரேமைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தில், பொன்னிறப் பற்களின் மேல், ஈரச் சந்தனம். நான் சொன்ன இடத்திலேயே வைத்திருந்தாள். மனைவி ஒரு துணியை எடுத்து நீட்டினாள்.

பற்களைத் துணியால் ஒற்றி, அழிரப்பரால் தேய்த்தேன். பள்ளத்தைப் புதுப் பல்துலக்கியால் துடைத்தேன். நாலு பத்துக்குத் திரை விழித்தது. கோப்பு சேர்ந்தது. மனு ஏறிக்கொண்டே இருந்தது, ஏறிக்கொண்டே. ஐந்துக்குச் சில நிமிடம் முன்னால் ரசீது எண் வந்தது.

"அப்ப வீடு கெடச்சிரும்ல, மச்சான்?"

"மனு போயிருச்சு லா," என்றேன்.

அந்த மனு இனி எந்த மேசையில், எத்தனை மாதம் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மேசையில் இருந்தவன் நான். தம்பி அதற்குள் வீடு கிடைத்துவிட்ட மாதிரி லயத்துக்குப் போன் போட்டுவிட்டான்.