ஜைத்தூன் வீட்டு மர்யம் பூ

ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் யாருக்காவது இடுப்பு வலி கண்டால் ஆட்கள் இரண்டு திசையில் ஓடுவார்கள். ஒருவர் ஆஸ்பத்திரி ஜீப்பைத் தேடி, இன்னொருவர் ஜைத்தூன் பீவியைத் தேடி. ஜீப் பாதி நாள் ரிப்பேரில் நிற்கும். ஜைத்தூன் நின்றதே கிடையாது. கூப்பிடுகிற குரல் முடிவதற்குள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, ஒரு கையில் பிஸ்கட் டின், மறு கையில் பேரீச்சம்பழப் பொட்டலம் என்று வாசலில் இறங்கிவிடுவாள். அடுப்பில் பால் பொங்கினால் பொங்கட்டும். புருஷன் தாவூது சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தால் அவரே போட்டுக்கொண்டு சாப்பிடட்டும். அடுத்த வீட்டுப் பிரசவம் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பரபரப்பு.

இத்தனைக்கும் அவள் மருத்துவச்சி இல்லை. ரத்தத்தைக் கண்டால் அவளுக்கே கண் இருட்டிக்கொண்டு வரும். டின்னில் அவள் கொண்டுபோனது ஒரு பூ. பூ என்பது பெயருக்குத்தான். பார்த்தால் யாரோ இறுக்கி மூடிய கை மாதிரி, சருகு நிறத்தில் ஒரு காய்ந்த செடி. அவளுடைய மாமியார் ஹஜ்ஜுக்குப் போனபோது மக்காவில் வாங்கி வந்தது. மர்யம் பூ என்பார்கள். ஈசா நபியைப் பெற்றெடுத்த வேளையில் மர்யம் வலி பொறுக்காமல் இந்தச் செடியைத்தான் பிடித்துக்கொண்டார் என்பது பெண்கள் வழிவழியாகச் சொல்லி வருவது. வேதக் கிதாபில் அப்படி எதுவும் இல்லை என்று பள்ளிவாசல் இமாம் ஒருமுறை சொல்லிவிட்டார். "இல்லாட்டி போவுது. வலி வந்தா பொம்பள எதையாவது புடிச்சிக்க மாட்டாளா?" என்று ஜைத்தூன் தாவூதிடம் முணுமுணுத்தாள். விவகாரம் அதோடு முடிந்தது.

வலி எடுத்ததும் பூவை ஒரு பாத்திரத் தண்ணீரில் போடுவார்கள். அது விரல் விரலாகப் பிரியும். அது விரிய விரியப் பிள்ளைக்கும் வழி கிடைக்கும் என்பது நம்பிக்கை. பிள்ளை பிறந்ததும் எடுத்து நிழலில் உலர்த்தினால் மறுபடியும் மூடிக்கொள்ளும். அந்தக் குவார்ட்டர்ஸிலேயே வடிவின் மகளும் பூங்காவனத்தின் பிள்ளைகளும் அந்தப் பூ விரிந்த பிறகே உலகத்தைப் பார்த்து அழுதவர்கள். ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. வலி இல்லாத நேரத்தில் அதில் தண்ணீர் படக்கூடாது. சும்மா விரிந்த பூ யாருக்கும் ஆகாது என்று மாமியார் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்.

பக்கத்து வீட்டு லூர்துமேரி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அவள் கணவன் பால்ராஜும் தாவூதும் தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். லூர்துவின் முதல் பிள்ளை ஊரில் மூச்சில்லாமல் பிறந்தது. மறுபடியும் உண்டானபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஒரு நாள் துணி காயப்போடுகிற இடத்தில் ஜைத்தூனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"அக்கா, இந்தத் தடவ நீங்களும் பூவும் என் பக்கத்துல இருக்கணும். வாக்கு குடுங்க."

"குடுத்தேன் போ. ஒலகமே முழுகினாலும் வரேன் கண்ணு" என்றாள் ஜைத்தூன்.

உலகம் முழுகுவதைப் பற்றியெல்லாம் இப்படி வாய்க்கு வந்தபடி பேசக் கூடாதுதான். ஆனால் ஜைத்தூனின் வாய்க்குத் தாழ்ப்பாள் போட ஆவடியில் ஆள் இல்லை.

மாசம் நெருங்கியதும் ஊரிலிருந்து லூர்துவின் மாமியார் சவேரியம்மாள் வந்து இறங்கினாள். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் சாவிக்கொத்து, குரலில் அதிகாரம். மர்யம் பூவைப் பற்றி மருமகள் சொன்னதுமே முகத்தைச் சுளித்தாள்.

"காஞ்ச வேரத் தண்ணியில போட்டா புள்ள பொறக்குமோ? எங்களுக்கு மாதா இருக்காவ."

"பெரிம்மா, இதுவே அவங்க பூதான்" என்றாள் ஜைத்தூன்.

"எவிய பூ?"

"உங்க மாதா பூ. நாங்க மர்யம் அலைஹிஸ்ஸலாம்னு சொல்லுவோம். குர்ஆன்ல அவங்க பேர்ல ஒரு சூராவே, முழு அத்தியாயமே கீது. பேர் சொல்லிச் சொன்ன ஒரே பொம்பள அவங்கதான், தெரிஞ்சிக்கோங்க."

சவேரியம்மாள் திகைத்துப் போனாள். தன் வீட்டு மனுஷியைப் பற்றி அடுத்த தெருவில் பெருமையாகப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சந்தோஷம் அவள் முகத்தில் வந்தது. ஆனால் வந்த வேகத்திலேயே போயிற்று. ஏனென்றால் அடுத்த கேள்வியை அவளே கேட்டுத் தொலைத்தாள்.

"அப்ப மாட்டுத்தொழுவம் வருதா அதுல?"

"தொழுவம் இல்லியே. பேரீச்ச மரத்தடி. தன்னந்தனியா வலியில துடிச்சாங்க."

"தனியாவா? சூசையப்பர் எங்க போனாராம்?"

"அவரு எங்க கிதாபுல வரல பெரிம்மா."

அவ்வளவுதான், வந்தது வினை! சூசையப்பரைக் காணோம் என்று சொன்னால் சவேரியம்மாள் சும்மா விடுவாளா? மாதாவின் கணவரான அந்த மனிதர் கழுதையைப் பிடித்து நடந்தது, ஊர் முழுக்கக் கதவைத் தட்டி இடம் கேட்டது எல்லாவற்றையும் குழாயடியில் உரக்கச் சொன்னாள். ஜைத்தூனும் குறைந்தவளா? பூந்தமல்லியில் சின்ன வயதில் மனப்பாடம் செய்த சூராவை ஓதி, தமிழில் பொருளும் சொன்னாள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் நின்றார்கள். ஒருத்தி தொழுவத்தை விடவில்லை, இன்னொருத்தி மரத்தை விடவில்லை. கடைசியில் சவேரியம்மாள் கையை ஓங்கி, "இந்தப் பூவத் தூக்கிக்கிட்டு என் வீட்டு நடையில கால வைக்காத" என்று சொல்லிவிட்டாள்.

ஜைத்தூனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்குள் வந்து அழுதாள். திட்டு வாங்கியதற்காக அல்ல. லூர்துவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து. மாமியார்க்காரி தடுத்தாலும் முதல் கூப்பாட்டுக்கே பாய்ந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். பரண்மேல் பத்திரமாக இருந்த டின்னை இறக்கி, கைக்கு எட்டும்படி வாசலோரக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். டின்னின் மூடி சரியாக அழுந்தாது என்பது அவளுக்குத் தெரியும். அவசரக்காரிக்கு அதெல்லாம் அப்போது நினைவுக்கு வருமா?

எண்பத்தைந்தாம் வருஷத்து நவம்பர் மழையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காலையில் ஷிப்டுக்குப் போன ஆண்கள் தொழிற்சாலையிலேயே மாட்டிக்கொண்டார்கள். ஏரி தளும்பி, சாலை எது சாக்கடை எது என்று தெரியவில்லை. கீழ்த்தளத்து வீடுகளில் தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தது. ஜைத்தூன் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றி, பாயைச் சுருட்டி, அடுப்பைத் தூக்கி அலமாரியில் வைத்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் லூர்து அலறினாள்.

"வந்துட்டேன் கண்ணு!" என்று கத்திக்கொண்டே ஜைத்தூன் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். டின் குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. மூடி தனியாக மிதந்தது. அதற்குப் பக்கத்தில் மர்யம் பூ, அத்தனை விரல்களும் பிரிந்து, உள்ளங்கை அகலத்துக்கு மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது.

ஜைத்தூனுக்கு உயிரே போய்விட்டது. விரிந்தது இனி எப்படி விரியும்? உலர்ந்து மூடுவதற்கு மழை ஓய வேண்டுமே! சும்மா விரிந்த பூ ஆகாது என்ற மாமியாரின் விரல் கண்முன் ஆடியது. பூவைக் கையில் ஏந்தியபடி தண்ணீரில் நின்று குழந்தை மாதிரி அழுதாள்.

கதவு தடதடவென்று இடிபட்டது. திறந்தால் சவேரியம்மாள்! சேலையை முழங்காலுக்கு மேலே வரிந்து கட்டிக்கொண்டு, தலையெல்லாம் மழைநீர் ஒழுக நின்றாள்.

"ஏட்டி, பூ எங்க? அவ உன்னயும் பூவயும் கேட்டுக்கிட்டே கெடக்கா. மாடி வீட்டு நர்ஸம்மா வந்திருக்கு. பயத்துல உடம்ப விறைச்சிக்கிட்டு முக்கவே மாட்டங்கான்னு சொல்லுது. வா தாயி, நான் பேசினத மனசுல வச்சிக்காத."

"பெரிம்மா, பூ கெட்டுப் பூட்ச்சி" என்று ஜைத்தூன் கையை நீட்டினாள். "வெள்ளத்துல தானா விரிஞ்சிக்கிச்சி. சும்மா விரிஞ்ச பூ ஆவாது."

சவேரியம்மாள் அதைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து ஜைத்தூனைப் பார்த்தாள். பிறகு அவளுடைய பழைய அதிகாரக் குரல் வந்தது.

"சும்மா எங்கட்டி விரிஞ்சிச்சு? இந்தச் சுவருக்கு அங்கிட்டு ஒருத்தி வலியில கெடக்காளே, அவளுக்குத்தான் விரிஞ்சிருக்கு. நீயும் நானும் சண்ட போட்டு நேரத்தப் போக்குதோம்னு மாதாவே தண்ணியக் கூட்டிக்கிட்டு வந்துட்டாவ. எடுத்துட்டு ஓடியா!"

ஜைத்தூன் ஓடினாள். அந்த வார்த்தையைச் சொன்னதற்காக அந்தக் கிழவியின் காலிலேயே விழலாம் போல இருந்தது அவளுக்கு.

மாடிக்குத் தூக்கிப் போகலாமா என்று யோசிப்பதற்குள் வலி முற்றிவிட்டது, இனி அசைக்கக் கூடாது என்று நர்ஸ் வனஜா சொல்லிவிட்டாள். லூர்து இரும்புக் கட்டிலில் கிடந்தாள். கீழே தண்ணீர் சலசலத்துப் போய்க்கொண்டிருந்தது.

"விரிஞ்சிருச்சா அக்கா?"

"முழுசா விரிஞ்சிடுச்சி கண்ணு. உனக்கு முன்னாடியே வந்து விரிஞ்சிக்கினு கீது, பாரு!" என்று குண்டானில் மிதந்த பூவை அவள் கண்ணுக்கு நேரே காட்டினாள்.

"கட்டிலுக்கு அடியில தண்ணி போவுதே, எனக்குப் பயமா இருக்குக்கா."

ஜைத்தூனுக்கு மர்யம் சூரா சட்டென்று நினைவுக்கு வந்தது. எத்தனை வருஷமாக ஓதுகிற சூரா! இன்றைக்குத்தான் அது அவள் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

"பயப்படாதடி! மர்யத்துக்கும் இப்டித்தான் ஆச்சு. செத்துப் போயிருக்கக் கூடாதான்னு அழுதாங்க. கவலைப்படாத, உன் கால் கீழ தண்ணி ஓடுது பாருன்னு கொரல் வந்துச்சி. மரத்தப் புடிச்சி உலுக்கு, பழம் உழும்னு சொல்லிச்சி. நீயும் புடி. இந்தக் கம்பியப் புடிச்சி உலுக்கு!"

லூர்து தலைமாட்டுக் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். கட்டில் கடகடவென்று ஆடியது. ஒரு பக்கம் ஜைத்தூன் அவள் வாயில் பேரீச்சம்பழத்தைப் பிட்டு வைத்துக்கொண்டே ஓதினாள். மறுபக்கம் சவேரியம்மாள் ஜெபமாலையை உருட்டி அருள் நிறைந்த மரியாயே என்று முழங்கினாள். இருவருடைய குரலும் போட்டி போட்டுக்கொண்டு ஏறியது.

"ரெண்டு பேரும் எவ்ளோ வேணா ஓதுங்க, ஜன்னல் வெளிச்சத்த மட்டும் மறைக்காதீங்க" என்று வனஜா அதட்டினாள். "ம், லூர்து, இன்னும் ஒரு தபா!"

பிள்ளை வந்தது. ஆனால் அழவில்லை.

அறையில் ஓதல் நின்றது. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சவேரியம்மாள் கையை நீட்டி ஜைத்தூனின் கையைப் பிடித்துக்கொண்டாள். வனஜா பிள்ளையின் வாயைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், பாதத்தைச் சுண்டினாள். மறுபடியும் சுண்டினாள். வீல் என்று ஒரு சத்தம்! மழைச் சத்தத்தையே அடக்குகிற மாதிரி ஒரு பெண் குழந்தை கத்திற்று. லூர்து சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது. ஜைத்தூனுக்கு அப்போதுதான் ரத்தம் கண்ணில் பட்டது. கண் இருட்ட, அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.

தாவூது ஓய்வு பெற்று அவர்கள் பூந்தமல்லிக்குக் குடி போன பிறகும், தொண்ணூறுகளில் கூட, ஆவடியிலிருந்து பூவைத் தேடி ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வருகிறவர்களிடமெல்லாம் ஜைத்தூன் முதலில் விசாரித்தது லூர்துவின் மகள் மரியாவைத்தான். ஆனால் அந்தப் பூவைப் பற்றி ஜைத்தூனையே கேட்டால், வெள்ளம் வந்த அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸைத்தான் சொல்வாள்.

சவேரியம்மாள் ஆள் அனுப்பாமல் தானே வந்து கூப்பிட்டாள். பால்ராஜ் வீட்டு மூலையில் வைக்கோல் வேய்ந்த குடில். மாடு, ஆடு, மாதா, சூசையப்பர் எல்லாம் ஒழுங்காக நின்றார்கள். குடிலுக்கு வெளியே மண் தொட்டியில் ஒரு ஈச்சங்கன்று. அதன் மட்டையில் நூல் கட்டிப் பேரீச்சம்பழங்கள் தொங்கின. தங்கள் ஊர்க் குடிலில் இப்படி மரத்தைக் கண்டதில்லை என்று பால்ராஜ் சிரித்தான்.

"நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றாள் சவேரியம்மாள். மடியில் மரியா தூங்கினாள். "தொழுவத்த நான் விட மாட்டேன், ஆமா. மரமும் நிக்கட்டும், எடமா இல்ல?"

ஜைத்தூன் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சவேரியம்மாள் அவளையே பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கேன். உங்க புத்தகத்துல அவிய நெசமாவே தனியாத்தான் இருந்தாவளோ?"

"தனியாத்தான் பெரிம்மா."

சவேரியம்மாள் பேத்தியின் தலையைத் தடவினாள்.

"நீயும் நானும் அன்னைக்கி அங்க இருந்திருந்தா, தனியா விட்டிருப்பமாட்டி?"

"எப்டி வுடுவோம்?" என்றாள் ஜைத்தூன். "தலமாட்டுல நீங்க, கால்மாட்டுல நான்."