தவக்காலத்தில் வந்த படம்

நானும் என் மகளும் ஒரே நடிகைக்கு ரசிகர்கள். பிள்ளைகளே, நீங்கள் சிரிக்கலாம். என் மனைவியும் சிரிப்பாள். "வீட்டுக்கு ஒரு கிறுக்கு பத்தாதுன்னு ரெண்டா?" என்பாள்.

ஆரம்பித்தது மகள்தான். டிவியில் ஒரு படம் ஓடியது. அதில் கதாநாயகியின் தோழியாக வந்த பெண் மாடியில் துணி மடித்துக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுப்பாள். அவ்வளவுதான் அவளுக்கு வேலை. சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் கையை அப்படியே வைத்துக்கொண்டு, "அப்பா, அது அவங்க சொந்தக் குரலுப்பா" என்றாள். அப்போது அவள் ஆறாம் வகுப்பு. அன்றைக்கே என் போனை வாங்கித் தேடினாள். அந்த நடிகை தானே மெட்டுப் போட்டு, தன் வீட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து கிதார் வாசித்துப் பாடிய பாட்டுகள் ஏழெட்டு இருந்தன. எல்லாவற்றையும் கேட்டோம். நானும் அந்தக் குரலில் விழுந்துவிட்டேன்.

நான் பத்தாவதுவரைதான் படித்தவன். லோடு ஆட்டோவில் முறுக்கு, மிக்சர், கடலை மிட்டாய் ஏற்றிக்கொண்டு ரெட்டியார்சத்திரம், சித்தையன்கோட்டைப் பக்கத்துக் கடைகளுக்குப் போடுவது என் தொழில். சனிக்கிழமைகளில் மகளும் கூட வருவாள். வழியெல்லாம் அந்த நடிகையின் பாட்டுதான். புதுப் படத்தில் என்ன வேடம், அடுத்த பாட்டு எப்போது, பேட்டியில் என்ன சொன்னார் என்பதையெல்லாம் மகள் சொல்லிக்கொண்டே வருவாள். ஆங்கிலத்தில் பேசிய பேட்டி என்றால் எனக்கு விளக்குவாள். கடைக்காரர்களுக்கே தெரிந்துபோனது. சரக்கை இறக்கும்போது, "என்னண்ணே, உங்காளு சௌக்கியமா?" என்று கேலி செய்வார்கள்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. முதல் முறையாக அவரே கதாநாயகி. பாட்டுகளுக்கு இசையும் அவரே. மகள் துள்ளிக் குதித்தாள். ஆனால் படம் வருவதாக இல்லை. பொங்கல் என்றார்கள், தீபாவளி என்றார்கள், மறுபடியும் பொங்கல் என்றார்கள். மகள் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். கடைசியில் மே மாதம் என்று உறுதியாகச் சொன்னார்கள். பள்ளிக்கூட விடுமுறை. முதல் நாளே தியேட்டரில் பார்ப்பது என்று இருவரும் முடிவு செய்தோம்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் தவக்காலம். கறி மீன் சாப்பிட மாட்டோம். அது போக, நமக்குப் பிடித்த ஒன்றையும் விட வேண்டும். அதை ஒறுத்தல் என்போம். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி, வீட்டிலுள்ள மாதா சிலையின் அடியில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வருடம் எங்கள் கோயில் பங்குச் சாமியார் பிரசங்கத்தில், கஷ்டமில்லாததை விடுவது ஒறுத்தலே இல்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்டேன்.

"பாப்பா, நம்ம ரெண்டு பேரும் சினிமாவையும் பாட்டையும் விட்ருவமா?"

அவள் என்னைச் செத்த நேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

"ஆத்தாடி! அம்புட்டு லேசா விட்ருவீங்களா?" என்று மனைவி வாயில் கை வைத்தாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டில் சொல்லி, அது சாமியார்வரை போய், அப்பாவும் பிள்ளையும் எப்பேர்ப்பட்ட ஒறுத்தல் செய்கிறார்கள் என்று அவர் கோயிலிலேயே சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். உண்மை என்னவென்றால், படம் மே மாதம்தான், ஈஸ்டர் அதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதைப் பார்த்துத்தான் நான் அந்தச் சீட்டை எழுதினேன்.

மூன்றாவது வாரம் ரெட்டியார்சத்திரத்தில் சரக்கு இறக்கும்போது கடைக்காரர், "என்னண்ணே இன்னும் இங்க நிக்கிறீங்க? உங்காளு படம் நாளைக்கு ரிலீசாம்ல!" என்றார்.

நான் நம்பவில்லை. போனில் சினிமாச் செய்தி பார்ப்பதையே நிறுத்தியிருந்ததால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மே மாதம் பெரிய நடிகர் ஒருவரின் படம் வருகிறதாம். தியேட்டரெல்லாம் அதற்குப் போய்விட்டதால், சின்னப் படத்தை அவசரமாக முன்னால் தள்ளிவிட்டார்கள். திண்டுக்கல்லில் ஒரே ஒரு தியேட்டர், அதிலும் காலையில் ஒரே ஒரு காட்சி.

வீட்டுக்கு வந்தால் மகள் கணக்கு நோட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வரிகூட எழுதவில்லை.

"தெரியுமா பாப்பா?"

"ஸ்கூல்ல சொன்னாளுகப்பா."

விட்டுவிடு, போவோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீட்டு எழுத வைத்தவன் நான். போக வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டு வருடம் காத்திருந்தவள் அவள். ஈஸ்டர்வரை அந்தப் படம் தியேட்டரில் இருக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் கோயிலில் சிலுவைப் பாதை ஜெபம் முடிந்ததும் சாமியாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் திட்டவில்லை. "ஞாயித்துக்கிழமை அந்த நாப்பது நாள் கணக்குல சேராதுய்யா. அது ஆண்டவரோட நாள். பிள்ளைய அன்னைக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

ஓடி வந்து மகளிடம் சொன்னேன். அவள் முகம் மலரவில்லை.

"அப்ப ஞாயித்துக்கிழம கறியும் திங்கலாமாப்பா?"

"அது... நம்ம வீட்ல திங்கிறதில்ல."

"அப்ப இது மட்டும் எப்புடி?"

"சாமியாரே சொல்லிட்டாருல்ல!"

அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. ஆசை அவளுக்கும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகத் தியேட்டருக்குப் போனோம். மகள் கிறிஸ்துமசுக்கு எடுத்த பாவாடை சட்டையைப் போட்டிருந்தாள். வாசலில் அந்த நடிகையின் படம் போட்ட போஸ்டர் ஒன்று இருந்தது. அதன் முன்னால் மகளை நிற்க வைத்துப் படம் எடுத்தேன். உள்ளே போனால் மேனேஜர் கையை நீட்டித் தடுத்தார்.

"பதினஞ்சு பேராச்சும் சேந்தாத்தாண்ணே படத்த ஓட்டச் சொல்லிருக்காங்க. இப்ப எங்களோட சேத்தா பதினோரு பேரு."

"எங்களோடன்னா, நீங்களும் பாக்குறீங்களா?"

"இல்ல, உங்களோடன்னு சொல்ல வந்தேன். நாங்க எதுக்குண்ணே பாக்கப்போறோம்?"

இன்னும் நாலு பேர். கால் மணி நேரம் தருகிறேன் என்றார். நான் போனை எடுத்தேன். முதலில் மச்சானைக் கூப்பிட்டேன். தியேட்டருக்கு அடுத்த தெருவில்தான் அவர் வீடு.

"மச்சான், ஒடனே குடும்பத்தோட கெளம்பி வாங்க. ஒரு படம்..."

"ஏலே, தவக்காலத்துலயா? போன வாரம் உன் ஒறுத்தலப் பத்தித்தானய்யா சாமியார் அம்புட்டுப் பெருமையாப் பேசுனாரு! நீயே கூப்புடுறியா?"

"ஞாயித்துக்கிழம கணக்குல வராதாம் மச்சான்."

"யாருகிட்ட கத விடுற? வையி போன!"

இன்னும் ஐந்து பேரைக் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாருமே எங்கள் கோயிலுக்கு வரும் பங்குக்காரர்கள்தான். ஒருவர் சிரித்தார், ஒருவர் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னார், ஒருவர் என் மனைவியிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினார். தெருவுக்கு ஓடி, பஸ்சுக்கு நின்றவர்களைக்கூடக் கேட்டுப் பார்த்தேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். திரும்பி வந்து, மீதி நாலு டிக்கெட்டையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மேனேஜர் வாசலைக் காட்டினார். வேறொரு படத்துக்கு இடம் கிடைக்காமல் நாற்பது ஐம்பது பேர் நின்றிருந்தார்கள்.

"காசு இல்லண்ணே விசயம். அவங்களுக்கு இந்தத் தெரயக் குடுக்கச் சொல்லி இப்பத்தான் போன் வந்துச்சு. பாப்பா, நீ வேணா அந்தப் படத்தப் பாக்குறியாம்மா?"

மகள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

லோடு ஆட்டோவில் பாதி தூரம் வந்திருந்தோம். அப்போது மகள் கேட்டாள்.

"நம்ம ஏமாத்துனதாலதான் அவங்க படம் ஓடலையாப்பா?"

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"சேச்சே. அதெல்லாம் இல்ல பாப்பா. கடவுள் அப்படிச் செய்வாரா?"

"அப்பறம் ஏன் ஓடல? நல்லாத்தான எடுத்துருப்பாங்க?"

உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று, "மே மாசம்னு தெரிஞ்சுதான் பாப்பா நான் அத எழுதச் சொன்னேன். தப்பு என்னோடது" என்றேன்.

"எனக்கும் தெரியும்பா. தெரிஞ்சுதான் நானும் தலையாட்டுனேன்."

பிள்ளைகளே, பெரியவர்கள் செய்யும் சின்னக் கள்ளத்தனம் உங்களுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். அன்றைக்கு அவளிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. படம் ஓடாததற்கும் உனக்கும் சம்பந்தமில்லை என்று பத்து முறை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் "சரிப்பா" என்றாள். நம்பவில்லை. மிச்சமிருந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமைகூட அவள் ஒரு பாட்டுக் கேட்கவில்லை. வீட்டில் ஜெபம் சொல்லும்போது, "அந்த அக்காவுக்கு அடுத்த படம் கெடைக்கணும்" என்று வேண்டினாள். நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவளும் ஆமென் சொன்னாள். நானும் சொன்னேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் அந்தப் படம் போனில் வந்தது. போனைச் சொம்பில் சாய்த்து வைத்து இருவரும் பார்த்தோம். மோசமான படமாக இருந்துவிட்டால் நல்லது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தேன். அப்படியென்றால் இவள் மனது ஆறிவிடும். ஆனால் படம் நன்றாக இருந்தது. கடைசியில் அந்த நடிகை ஆளில்லாத பஸ்சில் உட்கார்ந்து பாடும் இடத்தில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத யாருமே பாக்கலையேப்பா" என்றாள்.

படத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்லி அந்த நடிகை ஒரு பதிவு போட்டிருந்தார். அதன் கீழே எழுதட்டுமா என்று மகள் கேட்டாள். எழுது என்று போனைக் கொடுத்தேன். அழித்து அழித்து வெகுநேரம் எழுதிவிட்டு என்னிடம் காட்டினாள். 'அக்கா, நாங்க திண்டுக்கல். தியேட்டருக்கு வந்தோம். எங்களச் சேத்து பதினோரு பேரு வந்தோம்.'

அனுப்பு என்றேன். அனுப்பினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேறு யார் யாரோ எழுதியது வந்து விழுந்து, அவள் எழுதியது கீழே போய்விட்டது. அவள் விரலால் தள்ளித் தள்ளி அதைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.