முனியப்பன் பங்குச் சுருட்டு

கோகிலவாணிக்குப் புகையிலை நாற்றமே ஆகாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வெற்றிலையோடு புகையிலை போட்டிருந்தால் போதும், எழுந்து அரூர் வரைக்கும் நின்றுகொண்டே போவாள். அப்படிப்பட்டவள் வீட்டில்தான் வருஷம் முழுக்க ஒரு பெட்டிச் சுருட்டு பத்திரமாக இருக்கிறது. வீட்டில் யாரும் குடிப்பதற்கு இல்லை. அது ஏரிக்கரை முனியப்பனுடையது.

முனியப்பனோடு அவளுக்கு இந்த ஒப்பந்தம் ஏற்பட்டது தொப்பூர் கணவாயால். அவள் புருஷன் சென்னப்பன் அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓசூரிலிருந்து சேலத்துக்கு லோடு ஏற்றி வந்த வண்டி, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பாறையில் மோதி நின்றது. போனில் பேசிய ஆள், "உசுரு இருக்குதுங்க, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவள் ஏரிக்கரையில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். அரிவாளோடு நின்ற முனியப்பன் காலடியில் விழுந்தாள்.

"அப்பா முனியப்பா, அவுர எழுப்பி நடக்க வெச்சிரு. இனிமே அவுரு சுருட்ட வாயில வெக்க மாட்டாரு. அவுரு பங்கையெல்லாம் நீயே குடிச்சிக்க. வருசா வருசம் நான் பெட்டியோட கொண்டாந்து குடுக்கறேன்."

சம்பந்தப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்காமல் அவர் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டாள். கேட்டிருந்தாலும் பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லை. வாயில் சுருட்டு இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடாத மனுஷன் அவர். கால் கூடி, கம்பை ஊன்றி வீட்டுக்குள் நடந்து வந்த அன்று வேண்டுதலைச் சொன்னாள். "சரி" என்றார். அவ்வளவுதான். லாரியை விட்டார், சுருட்டையும் விட்டார், இருந்த கொஞ்சம் நிலத்தில் தக்காளியும் கேழ்வரகும் போட ஆரம்பித்தார்.

அந்தத் தை மாசத் திருவிழாவுக்கு, சந்தையில் முந்தின நாள் வாங்கிய பெட்டியை அப்படியே கொண்டுபோய் வைத்தாள். பூசாரி தர்மன் மற்ற நாளில் மினி பஸ் ஓட்டுகிறவர், ஒரு பீடி கூடத் தொடமாட்டார். ஆனால் அருள் வந்துவிட்டால் சுருட்டில்லாமல் முனியப்பன் வாக்குச் சொல்லமாட்டார். பற்றவைத்து ஒரே இழுப்புதான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு இருமல் பிடித்துக்கொண்டது. சாமியே இருமுவதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

"என்னாத்தா இது? பச்சத் தழையச் சுருட்டிக் கொண்டாந்திருக்கற! தொண்டைய அறுக்குது!" என்று சாமி சுருட்டைத் தூக்கி எறிந்தது.

கோகிலவாணிக்கு உயிரே போய்விட்டது. அருள் இறங்கின பிறகு தர்மன்தான் தேற்றினார். "வாங்குனவொடனே குடுக்கக் கூடாதுங்கக்கா. ஒரு வருசம் வூட்ல வெச்சிருந்து குடுங்க, காரம் அடங்கிரும். எங்கப்பா பூசாரியா இருந்தப்ப எல்லாரும் அப்படித்தான் குடுப்பாங்க."

அடுத்த பெட்டியை அவள் சாமி அலமாரியில் சூடத்தோடு சேர்த்து வைத்தாள். சாமி பொருள் சாமி பக்கத்தில் இருப்பதுதானே மரியாதை! வருஷம் திரும்பிப் பற்றவைத்ததும் கோயில் பூராவும் சூட வாசனை. முனியப்பன் சுருட்டுக் குடித்தாரா, தீபாராதனையைக் குடித்தாரா என்று ஊரே சிரித்தது. அதற்கடுத்த பெட்டியைக் கேழ்வரகு டிரம்முக்குள் புதைத்து வைத்தாள். கேழ்வரகு எத்தனை வருஷம் கிடந்தாலும் பூச்சி அண்டாது, அதற்குள் இருப்பதையும் அண்டாது என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்த டிரம்மிலிருந்து அரைத்த மாவில் கிண்டிய களி புகையிலை மணத்தது. ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் லீவுக்கு வந்தவள், ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். சென்னப்பன் மட்டும் இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"என்ன, களி அவ்ளோ ருசியா இருக்குதா?" என்று அவள் முறைத்தாள்.

"வேண்டுதல்ல களியச் சேக்கலையே" என்றார் அவர்.

அன்றைக்கே சுருட்டுக்கென்று தனி டிரம், தனிக் கேழ்வரகு என்று ஆனது. அந்த டிரம் பக்கம் அவர் போகக்கூடாது என்று உத்தரவும் போட்டாள். அவளும் போகமாட்டாள், நாற்றம் ஆகாதே. தையில் புதைப்பாள், மறு தையில் மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டு எடுப்பாள், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கமாட்டாள். அந்த வருஷத்திலிருந்து முனியப்பனுக்கு ஒரு குறையும் இல்லை. ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "பதமா இருக்குதாத்தா" என்பார். ஊரில் சுருட்டு வேண்டிக்கொண்ட மற்ற பெண்கள்கூட அவளிடம் வந்து பக்குவம் கேட்டுப் போனார்கள். "எல்லாம் கேவுரு செய்யற வேல" என்பாள் பெருமையாக.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன புரட்டாசி வரைக்கும். தக்காளித் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் சென்னப்பன். தர்மபுரியில் அடைப்பு எடுத்து அனுப்பினார்கள். "பழைய புகை பண்ணின வேலை இது. இனி ஒண்ணு பிடிச்சாலும் என்கிட்ட தூக்கிட்டு வராதீங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். "அவுரு வுட்டு எத்தனையோ வருசமாச்சிங்க டாக்டர்" என்று இவள் தலைநிமிர்ந்து சொல்லிவிட்டு வந்தாள்.

கார்த்திகை மழையில் ஒருநாள் பக்கத்து வீட்டு மாதம்மாள் வேலியோரம் வந்து நின்றாள். "ஏம்மா வாணி, சொல்றேன்னு தப்பா நெனைக்காத. நீ நூறு நாள் வேலைக்கு ஏரிக்குப் போற நாள்ல உங்க கொல்லையில சுருட்டு வாசம் வருது. பொகையையும் பாத்தேன்."

 கோகிலவாணி உள்ளே போய், கொடியில் கிடந்த அவர் சட்டையை முகர்ந்தாள். அதே நாற்றம். டிரம்மைத் திறந்து பெட்டியை எடுத்துப் பார்த்தாள். நெருக்கி அடுக்கி வைத்திருந்த வரிசையில் இடைவெளி விழுந்திருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முனியப்பனுக்குக் கொடுத்த வாக்குப் போயிற்று. அதைவிட, அந்த மனுஷனின் நெஞ்சு இன்னொரு தடவை தாங்காது. ஆத்திரமும் பயமும் சேர்ந்து அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

கேட்டால் மழுப்புவார், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். மறுநாள் வெயில் அடித்தது. "அரூருக்குப் போயிட்டு வரேங்க" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள், பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு வயல் வரப்பு வழியாகக் கொல்லைக்குத் திரும்பி வந்தாள்.

கொல்லையில் ஒரு பழைய சேலை விரித்து, அதன்மேல் கேழ்வரகு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து நிழலில் சென்னப்பன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பெட்டி. ஒரு சுருட்டை எடுத்து, விரலால் லேசாக அமுக்கிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

கோபம் வந்தால் கோகிலவாணிக்கு 'ங்க' எல்லாம் பறந்துவிடும். "நெனச்சேன்! உனுக்கு உசுரு மேலயும் ஆசையில்ல, எம்மேலயும் ஆசையில்ல!" என்று பாய்ந்தாள்.

அவர் திடுக்கிட்டுக் கண் திறந்தார். சுருட்டை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மெல்லிய துணியால் அதைத் துடைத்து, மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயுமாக மாற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

"மழையில கேவுரு நமுத்துப் போச்சி வாணி. காய வெக்கலன்னா பூஞ்சக்காளான் புடிச்சிரும்."

"அந்தப் பொக?"

ஒதுக்கி வைத்திருந்த ஒரு சுருட்டை எடுத்துக் காட்டினார். ஊசியால் குத்தினதுபோல் அதில் ஓட்டைகள். "கேவுருல பூச்சி வராது. ஆனா சுருட்டுலயே இருக்கற பூச்சி? ஒண்ணுல வந்தா பெட்டி பூரா போயிரும். அதான் இத மட்டும் எடுத்து கொல்லை அடுப்புல போட்டுருவேன். வருசா வருசம் நாலஞ்சு இப்படித்தான் போவும். மழ மாசத்துல ரெண்டு தடவ காய வெக்கணும், வெயில் காலத்துல கொஞ்சம் ஈரத்துணி போத்தணும். சுருட்டுக் குடிச்சவனுக்குத் தெரியாதா?"

"அப்ப, முனியப்பன் பதமா இருக்குதுன்னு சொன்னதெல்லாம்..."

 அவர் குனிந்து பெட்டியை மூடினார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"டிரம் பக்கமே போவாதன்னு நீதான சொன்ன. மொத மழையிலயே தொறந்து பாத்தேன், மேல பூரா பூஞ்சை. சாமி மறுபடி தூக்கி எறிஞ்சா நீ மனசு ஒடஞ்சி போயிருவ. எனக்காவத்தான வேண்டிக்கிட்ட."

"இத்தன வருசமா கையில எடுத்து, மோந்து பாத்து... குடிக்கணும்னு ஒரு தடவ கூடவா தோணல?"

"ஒவ்வொரு தடவையும் தோணும்" என்றார் சென்னப்பன். "திருப்பி வெச்சிருவேன்."

அப்போதுதான் கோகிலவாணிக்கு அழுகை வந்தது. மூக்கைப் பொத்திக்கொள்ள மறந்துபோய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, காய்கிற கேழ்வரகைக் கையால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள்.

தைத் திருவிழா வந்தது. எப்போதும் பெட்டியை அவள்தான் சுமந்து போவாள். புகை படக்கூடாதென்று சென்னப்பனைக் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியிலேயே நிறுத்திவிடுவாள். இந்த வருஷம் வாசலில் அவர் கையில் பெட்டியைக் கொடுத்து, "நீங்களே குடுங்க" என்றாள்.

தர்மனுக்கு அருள் வந்தது. சுருட்டைப் பற்றவைத்து இழுத்து, "பதமா இருக்குதாத்தா! என்ன வேணும், கேளு" என்றது சாமி.

வருஷா வருஷம் மகள் கல்யாணம், மழை, தக்காளி விலை என்று கேட்பதற்கு அவளிடம் நிறைய இருக்கும். இந்த வருஷம் கும்பிட்ட கையோடு, "ஒண்ணும் வேணாம் சாமி. இத்தன வருசமா பேரு வாங்குனவ நான். பக்குவம் பண்ணது இவுரு. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றாள்.

சாமி சென்னப்பனை ஏற இறங்கப் பார்த்தது. நெற்றியில் திருநீறு பூசியது. பிறகு வழக்கப்படி, குடித்த மீதிச் சுருட்டை, நுனியில் நெருப்போடு பிரசாதமாக நீட்டியது. வேண்டுதலைக் கொண்டுவந்து கொடுக்கிறவர் கையில்தான் அதைக் கொடுப்பது வழக்கம், வேண்டாம் என்று சொல்ல முடியாது. சிலர் அங்கேயே ஓர் இழுப்பு இழுத்துவிடுவார்கள். இத்தனை வருஷம் அது கோகிலவாணி கைக்குத்தான் வந்தது. பெட்டியை அவர் கையில் கொடுக்கும்போது அவள் இதை யோசிக்கவில்லை. வேண்டுதல் தெரிந்த ஊர் ஜனம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது.  ஆனாலும் அவள் கை நீட்டித் தடுக்கவில்லை.

சென்னப்பன் இரண்டு கையாலும் வாங்கினார். புகை முகத்தில் படப் படக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திரும்பி அவள் கையில் கொடுத்தார்.

"இந்தா வாணி, வெச்சுக்க. அடுத்த பெட்டி வாங்கணும், சந்தைக்குப் போலாமா?"