கடைசித் தொட்டித் தண்ணீர்

எங்கள் அன்பு அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. "நல்லதை மட்டும் எழுது, அந்தத் தண்ணிச் சமாச்சாரத்த விட்டுரு" என்று உறவினர் சிலர் என்னிடம் சொன்னார்கள். கூடப் பிறந்த தங்கை என்ற உரிமையில் சொல்கிறேன், விடப்போவதில்லை. அக்கா செய்ததிலேயே நல்லது அதுதான்.

உசிலம்பட்டிக்கு மேற்கே, மழையை நம்பி விதைக்கும் கிராமத்தில் அக்கா பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, அம்மாவையும் என்னையும் மதுரைக்கு அழைத்து வந்தவர் அவர்தான். பசுமலையில் கல்லூரிப் படிப்பு. படித்துக்கொண்டே காளவாசலில் ஒரு மாடி அறையில் தையல். ஒர்க்‌ஷாப் மெக்கானிக்குகளுக்கு நீலச் சட்டை தைக்கத் தொடங்கியவர், பிறகு ஊருக்கு வெளியே சொந்தமாகச் சாயப்பட்டறையும் தையல் கூடமும் போட்டார். ஆலையில் கொதிகலன் பக்கம் நிற்பவரும் வெல்டிங் அடிப்பவரும் போடுகிற கனத்த சீருடைதான் எங்கள் சரக்கு. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

சாயம் போட்டு மிஞ்சுகிற கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். அது தொட்டி தொட்டியாகத் தெளிந்து, உப்பைப் பிரிக்கும் இயந்திரம் வழியாகக் கடைசித் தொட்டிக்கு வரும். அந்தத் தண்ணீரையே மறுபடி சாயத்துக்கு எடுத்துக்கொள்வோம். இதை அமைப்பதற்காகக் கிராமத்து நிலத்தை விற்றார். "நிலத்தை வித்துத் தண்ணி கழுவுறா" என்று அன்று சிரித்தவர்கள் சிலர் இன்று இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சீருடை வாங்கும் கம்பெனி சோதனைக்கு ஆள் அனுப்பினால், வரும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடும். உடனே பட்டறைக்காரர்கள் கடைசித் தொட்டியைக் காலி செய்து, நல்ல தண்ணீரை நிரப்பி வைப்பார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுவதில்லையா, அந்த மாதிரி. யாரும் இதைப் பொய்யென்று நினைப்பதில்லை. அக்கா மட்டும் இதைச் செய்ததில்லை.

பக்கத்திலேயே எங்கள் தாய்மாமனுக்கும் சாயப்பட்டறை இருந்தது. ஒருமுறை சோதனைக்கு முதல் நாள் அக்கா, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தார். மருமகள் ஒற்றை ஆளாய்த் தவிக்கிறாளே என்று மாமா, தம் பட்டறையின் ஆழ்துளைக் கிணற்று நீரை, போர் தண்ணீரை, லாரியில் கொண்டுவந்து எங்கள் கடைசித் தொட்டியில் நிரப்பிவிட்டுப் போனார். பாசத்தில் செய்ததுதான். மறுநாள் வந்தவர்கள் அதைக் குப்பியில் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் தண்ணீர் தேறவில்லை, உப்பு அளவுக்கு மீறிக் கிடக்கிறது என்று முடிவு வந்தது. ஆர்டரை நிறுத்திவிட்டார்கள்.

அக்கா விசாரித்தபோது மாமாவே வந்து ஒப்புக்கொண்டார்.

"நல்ல தண்ணினு நெனச்சுத்தான் ஊத்துனேன் தாயி. பட்டறையில அம்புட்டுப் பேரும் அதத்தான் பொழங்குறோம்."

"இம்புட்டு வருசமா நீங்க வெளிய விட்ட சாயத் தண்ணி எங்க போச்சுன்னு நெனச்சீக மாமா?"



ஆய்வுக்கூடத்தின் மேல் பழியைப் போடு என்று உறவில் எல்லோரும் சொன்னார்கள். அக்கா, மாமாவிடம் சொல்லிவிட்டே கம்பெனிக்கு உண்மையைச் சொன்னார். அது எங்கள் தண்ணீர் இல்லை, பக்கத்துப் போர் தண்ணீர். மறுபடி வாருங்கள், வரும் நாளை மட்டும் சொல்லாதீர்கள் என்றார். அப்படியே வந்தார்கள். எங்கள் தண்ணீர் தேறியது. ஆர்டரும் திரும்பி வந்தது. ஆனால் சேதி பரவி மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் மாமாவின் பட்டறையைப் பூட்டினார்கள்.

அன்றிலிருந்து அக்காவுக்கு 'தாய்மாமன் வயிற்றில் அடித்தவள்' என்று பெயர். கல்யாணப் பத்திரிகைகூட வைக்காமல் ஒதுக்கினார்கள். "பத்திரிகை வரலேன்னா மொய் மிச்சம்" என்று அக்கா சிரித்தார். ஆனால் அம்மாவுக்குத் தெரியாமல் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒதுக்கியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பட்டறை பூட்டியதைப் பேசிய ஊர், அது திறந்ததைப் பேசவில்லை. மாமாவின் பட்டறையிலிருந்து குழாய் பதித்து, அந்தக் கழிவுநீரையும் எங்கள் தொட்டிகளுக்குக் கொண்டுவந்தவர் அக்கா. அதை நம்பித்தான் மாமாவுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது. இதை எல்லோரும் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

நோயில் படுத்தபோதும் அக்கா மாறவில்லை. ஆஸ்பத்திரி ஊழியரின் நீலச் சட்டைக் கையை ஈர விரலால் தேய்த்துப் பார்த்து, "சாயம் போகுதே, யாரு தச்சது?" என்றார். அந்தத் தம்பி பாவம், அடுத்த நாள் வேறு சட்டையில் வந்தார்.

அக்காவின் உடலுக்குத் தாய்மாமன் கோடித் துணி போட்டவர் அதே மாமாதான். காரியத்தன்று சித்தப்பா பேச்செடுத்தார். "அவதான் போயிட்டாளே, இனி அந்த மெஷின எதுக்கு ராப்பகலா ஓட்டணும்? சோதனைக்கு வாரப்ப மட்டும் போட்டாப் போதாதா?"

நான் வாயைத் திறக்குமுன் மாமா எழுந்தார். "ஓடும். நிறுத்தணும்னு சொல்றவன் மொதல்ல எம் போருத் தண்ணியில ஒரு செம்பு குடிச்சுட்டு நிறுத்தட்டும்."

யாரும் குடிக்கவில்லை. இயந்திரமும் நிற்கவில்லை.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர், செவிலியர், தையல் கூடத்துப் பெண்கள், தோள் கொடுத்த பட்டறை ஊழியர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்குத் தனியாக நன்றி சொன்னால் திட்டுவார், இருந்தாலும் சொல்கிறேன். நினைவு நாள் சாப்பாட்டுக்கு அனைவரும் வர வேண்டும். அக்கா செய்தது சரிதானா என்று இன்னும் சந்தேகம் இருப்பவர்கள், பட்டறைக்கு வந்து கடைசித் தொட்டியைப் பாருங்கள். எந்த நாளிலும் வரலாம். வருவதை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.